அரம் கடித்த எஃகு

“அந்தத் துப்பாக்கிக் கம்பெனிக்காரன் ஏன் செய்யலன்னுதானே கேக்கறேன், அதுக்கு ஒரு—”

“செய்யவே மாட்டான், லீலண்ட். இந்தச் சைஸ்ல, ஆறு ஓட்டை வச்சு, மேக்னத்துக்கு—”

“தோட்டா ரெண்டும் ஒரே பருமன். நீளம்தானே வித்தியாசம், அத நீ கொஞ்சம்—”

“நீளமா வச்சதே உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.”

“என்ன மாதிரின்னா?”

“காது இருந்தும் கேக்காத ஆளுங்க.”

இப்படித்தான் பேசிக்கொள்வோம். இதைச் சண்டை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், தம்பி. மொன்டானாவில் நம் ஊர் மாதிரி ஊர்களில் துப்பாக்கி பழுது பார்க்கிற கடை முடிவெட்டுகிற கடை மாதிரி. வேலை இருப்பவர்களைவிட வாய் இருப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். லீலண்ட் க்விஸ்ட் பதினோரு வருடமாக மாதம் ஒரு தடவையாவது வருவான், என் காப்பியைக் குடிப்பான், தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பான், இதே கேள்வியைக் கேட்பான், போவான்.

வியாழக்கிழமை அவனைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறீர்கள். அவன் வீட்டில் அடைத்த தோட்டாவில் வெடிமருந்து கூடிப்போய், அதனால் துப்பாக்கி வெடித்து, அவன் மனைவி மாரிட் செத்தாள் என்று வழக்கு. அவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். அதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் கூப்பிட்டு வரவில்லை. என் பெயர் சிக்ரிட் ஹோல்ம், வயது எழுபத்தொன்று. உங்கள் முதல் வேட்டைத் துப்பாக்கிக்குக் குறி சரிசெய்து கொடுத்தவள் நான்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அந்த ரிவால்வர் மாரிட்டின் அப்பாவுடையது. முப்பத்தெட்டு காலிபர், ஆறு தோட்டா, உள்ளங்கையில் அடங்கிவிடும். மாரிட்டுக்குச் சின்னக் கை. கடையில் இருந்த அத்தனையையும் எடுத்துக் காட்டியிருக்கிறேன், ஒன்றும் அவள் கைக்குப் பொருந்தவில்லை, இது ஒன்றைத் தவிர. கன்று ஈனும் பருவத்தில் ஓடைப் பக்கம் கரடி இறங்குகிறது. அவள் தனியாகப் போய்க் கன்றுகளைப் பார்ப்பாள். முப்பத்தெட்டு காலிபர் குண்டு கரடிக்குக் கொசுக்கடி என்று லீலண்டுக்குப் பயம். அதே துப்பாக்கி, ஆனால் அதைவிட வேகமான மேக்னம் தோட்டா சுட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். ஆசையில் தப்பு சொல்ல முடியாது.

ஏன் கூடாது என்று அவனுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். ரிவால்வரில் தோட்டா உட்காருகிற உருளை இருக்கிறது அல்லவா? சின்ன உருளைக்குள் ஆறு அறை குடைந்தால், அறைக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே மிஞ்சுகிற சுவர் மெல்லிசாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் உருளை சுழன்று சரியான இடத்தில் நிற்க வேண்டும். அதற்காக வெளிப்புறத்தில் சின்னச் சின்னப் பள்ளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். ஆறு அறை என்றால் அந்தக் காடி நேராக அறையின் தலைமேல் விழும். சுவரே மெல்லிசு, அதிலும் ஒரு பள்ளம். ஐந்து அறை வைத்தால் காடி இரண்டு அறைக்கு நடுவே, தடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்னத் துப்பாக்கியில் மேக்னம் வேண்டும் என்று கேட்டால் கம்பெனிக்காரர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

“அஞ்சா?” என்பான் லீலண்ட். “கரடி அஞ்சோட நின்னுக்குமா?”

“கரடிக்கு மிளகுத் தெளிப்பு வாங்கிக் குடு.”

“எதுக்கு? அது அவளத் திங்கறப்ப ருசியா இருக்கவா?”

மேக்னத்தின் அழுத்தம் பழைய தோட்டாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பருமன் ஒன்றாக இருப்பதால் ஆபத்து என்று தெரிந்துதான், மேக்னத்தை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாகச் செய்தார்கள். பழைய துப்பாக்கிக்குள் முழுக்க இறங்காமல் முட்டி நிற்கட்டும் என்று. அந்தக் கூடுதல் நீளம் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள். அறையைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் தாழ்ப்பாள் போய்விடும். அறைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாத வேலை. அதற்கப்புறம் எல்லாம் எஃகைப் பொறுத்தது. அந்தக் காலத்து உருளைகளில் சிலவற்றைச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள், சிலவற்றைச் செய்யவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இதையெல்லாம் பதினோரு வருடம் சொன்னேன். கோபப்பட்டுச் சொன்னதில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு, வழிபாடு முடிந்து சர்ச்சின் அடித்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எலுமிச்சை கேக் மாரிட் செய்துகொண்டு வந்தது. லீலண்ட் பெரிய மேஜையில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் மெதுவாகப் பேசினாலே அடுத்த பண்ணைக்குக் கேட்கும்.

“நம்ம சிக்ரிட்டுக்கு லேத்துன்னாலே பயம் வந்துடுச்சுப்பா. ஐனார் இருந்திருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சுக் குடுத்திருப்பான். இவகிட்டப் போனா காப்பியும் பாடமும்தான் கிடைக்குது. அதுல காப்பி நல்லாவே இருக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐனார் என் கணவர். நல்ல மனிதர். கவுண்டரில் நின்று பேசுவார், சாமான் அடுக்குவார், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும். லேத்தைத் தொட்டால் கை நடுங்கும். கடைப் பலகையில் அவர் பெயர் இருந்தது. முப்பத்தாறு வருடம் இந்த வட்டாரத்துத் துப்பாக்கிகளுக்குள் போய்வந்தது என் கை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இதுவும் இடமில்லை, எழுத வேண்டாம். மாரிட்டுக்கு மட்டும் தெரியும். ஒரு பனிக்காலத்தில் என்னோடு கடையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு அவளும் சிரித்தாள். வாயில் கேக் இருந்தது, புரையேறிவிட்டது. நான்தான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் யார் சிரித்தாலும் கூடச் சிரிக்கிறவள்.

திங்கட்கிழமை லீலண்டுக்கு போன் செய்தேன்.

“அந்தத் துப்பாக்கியக் கொண்டா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? பதினோரு வருஷமா எதுக்குக் கேட்ட?”

“முடியுமா?” என்றான்.

“முடியாதுன்னு நான் என்னிக்குச் சொன்னேன், லீலண்ட்?”

அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான், பிறந்த குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி. “மாரிட்டுக்குச் சொல்லாத, ஆச்சரியமா இருக்கட்டும்,” என்றான். எழுபத்துமூன்று வயது மனிதன், சுயபுத்தியோடு ஒன்றைக் கேட்கிறான். எத்தனை காலம்தான் மறுப்பது? அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிட்டேன்.

இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்கும் தெரியும். தெரிந்ததென்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கோர்ட்டில் வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள். கடையிலிருந்து ஒரு துப்பாக்கி வெளியே போவதற்கு முன், டிராக்டர் டயருக்குள் அதைக் கட்டிவைத்து, தள்ளி நின்று கயிற்றை இழுத்து ஆறு குண்டு. அது தாங்கினால், வேலை செய்தவள் தன் கையில் பிடித்து ஆறு குண்டு. அதற்கப்புறம்தான் வாங்க வந்தவன் கையில் கொடுப்பது. “சுட்டுப் பாத்தியா?” என்று யாரும் கேட்பதில்லை. பாஸ்டரைப் பார்த்து ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி அது.

அந்தத் துப்பாக்கிக்கு நான் கயிற்று ஆறும் செய்யவில்லை, கை ஆறும் செய்யவில்லை. செய்தால் என்ன ஆகும் என்று கடைக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து என்ன பயன்? தெரிய வேண்டியவன் லீலண்ட். காதால் ஏறாதது கையால் ஏறட்டும் என்றுதான் நினைத்தேன். ஒன்றிரண்டு விரல் போகலாம். கண்ணாடி போட்டிருப்பவன், அதனால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை.

புதன்கிழமை வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டேன். வலி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிச் சுடுகிறபோது, எல்லோருக்கும் முன்னால் “நீ ஒரு தடவ சுட்டுக் காட்டு” என்று அவன் கேட்டால், மறுக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் கட்டோடுதான் நான்கு நாள் பாத்திரம் கழுவினேன்.

ஞாயிறு, நாங்கள் சுடக் கூடுகிற சரளைக் குழியில் வழக்கம்போல முப்பது பேர் இருப்பார்கள். பிக்கப் வண்டிகளின் பின்கதவை இறக்கி, உருளைக்கிழங்கு சாலட், எல்க் மான் சாசேஜ், ஊறுகாய் எல்லாம் பரப்பியிருந்தார்கள். அந்தப் பக்கம் குச்சிகளில் காகிதத் தட்டுகள். எந்தத் துப்பாக்கி வந்தாலும் லீலண்ட்தான் முதலில் சுடுவான். புது வண்டி வாங்கினாலும் அவன்தான் முதலில் ஓட்டுவான். கல்யாணமான நாற்பத்திரண்டு வருடத்தில் மாரிட்டை எதற்கும் முன்னால் விட்டதில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நான் கொண்டுவந்து கொடுத்த சாக்கைப் பிரித்தபடி லீலண்ட் என் கையைப் பார்த்தான்.

“என்ன கட்டு?”

“உன் துப்பாக்கிதான். ஆறாவது குண்டுல பிடிச்சுக்கிச்சு.”

“அப்படியா உதைக்குது?” அவன் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டுக்கங்கப்பா. சிக்ரிட் கையையே மடக்கியிருக்கு. கரடி கதி என்ன?”

“கரடி உன்னப் பாத்தாலே ஓடிரும்,” என்று யாரோ சொன்னார்கள்.

அவன் திரும்பி மாரிட்டைக் கூப்பிட்டான். அவள் வண்டியோரம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இங்க வாடி. நீதான் முதல்ல.”

“நானா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?”

“உங்கப்பன் துப்பாக்கி. சிக்ரிட் ஆறு சுட்டுட்டா, இனிமே பயம் என்ன? வா.”

மாரிட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேக்னம் என்று அவன் சொன்னதும் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அப்பா துப்பாக்கியைப் பற்றி யாராவது பேசினாலே அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

“கடைசியில செஞ்சு குடுத்துட்டியா சிக்ரிட்? ரொம்ப உதைக்குமா?”

“இறுக்கிப் பிடி,” என்றேன்.

நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். சரியான அறிவுரைதான். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். முப்பது பேர் நிற்கிறார்கள். சுட்டேன் என்று இப்போதுதான் சொன்னேன். சுடவில்லை என்றால் கட்டு எதற்கு என்பார்கள். ஒரு ஆறு தாங்கும், அடுத்த ஆறு லீலண்ட் சுடுவான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போய் வண்டிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெயில் அந்தப் பக்கம் குறைவாக இருந்தது.

முதல் குண்டு தட்டின் ஓரத்தைக் கிழித்தது. “அம்மாடி, கை மரத்துப்போச்சு,” என்று மாரிட் சிரித்தாள். இரண்டாவது மண்ணில் விழுந்தது. மூன்றாவது தட்டின் நடுவே. எல்லோரும் கை தட்டினார்கள். லீலண்ட் திரும்பி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

உள்ளதைச் சொல்ல வந்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் மனதில் மாரிட் இல்லை. ஆறும் தாங்கிவிட்டால் நான் பதினோரு வருடம் சொன்னது என்ன ஆவது என்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு காப்பிக்கு என்ன பேச்சு நடக்கும் என்று இருந்தது.

நான்காவது தாங்கவில்லை.

உருளையின் மேல்பாதி போய்விட்டது. அதன் மேலே இருக்கிற சட்டமும் பெயர்ந்துகொண்டு போயிற்று. ஒரு துண்டு அவள் புருவத்துக்கு மேலே. லீலண்ட் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான், எதையோ கேட்டு அவள் பதில் சொல்லாத மாதிரி. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். என் கால் பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது, நான் குனிந்து எடுத்துப் பார்த்தேன். காடியில்தான் பிளந்திருந்தது. நான் எந்த இடத்தைச் சொன்னேனோ அதே இடம். கிரேட் ஃபால்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாதித் தூரத்தில், மாரிட்டின் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு லீலண்ட் வீட்டுக்குப் போனேன். தோட்டா அடைக்கிற மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. அவள் ஏப்ரன் கதவில் அப்படியே தொங்கியது.

“ஒவ்வொண்ணா நிறுத்துத்தான் போட்டேன் சிக்ரிட்.”

“தெரியும்.”

“ஒண்ணுல கை தவறியிருக்குமோ? இந்தத் தராசப் பாரு. சரியாத்தானே இருக்கு? நாலாவதுல ரெண்டு தடவ மருந்து விழுந்திருக்குமோ?”

“இருக்கலாம்,” என்றேன்.

“நீ எத்தனை தடவ சொன்ன.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்? ஆறிப்போகறதுக்குள்ள சாப்பிடு.”

அவன் சாப்பிடவில்லை. மீதித் தோட்டாப் பெட்டியை என்னிடம் நீட்டி, வீட்டில் இது இருக்க வேண்டாம் என்றான். நாற்பத்து நான்கு இருந்தன. கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு, ஒன்றில்கூட ஒரு துளி ஏறவில்லை. லீலண்ட் கவனமானவன்தான். பிரித்த மருந்தை ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் கொட்டி மண்ணைக் கிளறிவிட்டேன். அதனால் இதற்கு இப்போது அத்தாட்சி எதுவும் கிடையாது, என் வாய்தான். அவனிடம் போய் இதைச் சொன்னாலும் நம்புவான் என்று தோன்றவில்லை. போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெறும் தராசில் வெறும் தட்டை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். மாட்டையெல்லாம் விற்றாகிவிட்டது.

நான்கு மாதம் நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கடையைத் திறந்தேன், வேலை பார்த்தேன். லீலண்டின் விதி லீலண்டுக்கு என்று இருந்தேன்.

பிறகு போன வெள்ளிக்கிழமை இன்ஷூரன்ஸ்காரர்கள் நியமித்த நிபுணரின் அறிக்கை வந்தது. அதன் நகல் உங்கள் மேஜையிலும் இருக்கிறது, பார்த்தேன். மருந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார், அது அவர் இஷ்டம். ஒன்பதாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அறைகளை ஆழப்படுத்தியவர் அதற்கு முன் எஃகின் பதத்தைச் சோதித்துப் பார்க்கவில்லையாம். கவனக்குறைவான வேலையாம். வயதைக் காரணமாகக் கொள்ளலாமாம். இப்போது ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். தபால்காரர்கூட, “பரவாயில்ல விடுங்க, யாருக்கும் கை தவறும்,” என்றார்.

சோதித்துப் பார்த்தேன், தம்பி. லீலண்ட் வண்டி தெருமுனை திரும்பியதும் முதலில் செய்தது அதுதான். உருளையின் பின்புறம், கண்ணில் படாத ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. பதப்படுத்தின எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இது கடித்தது. பாலாடைக்கட்டியில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. சந்தேகத்துக்கு இன்னொரு பக்கமும் இழுத்தேன், அங்கேயும் கடித்தது. என் வேலைப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: பதம் இல்லை. மேக்னம் தாங்காது. இதோ, இந்தப் பக்கம். அதற்குக் கீழேதான் அறைகளை எவ்வளவு ஆழப்படுத்தினேன் என்ற அளவு. ஆறும் ஒரே அளவு, மயிரிழை பிசகாது. மீதியிருக்கிற துண்டுகளை அந்த நிபுணர் லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும், உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் கொடுத்தேன், அது மாரிட்டின் கைக்குப் போனதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இதில் எந்த இடத்திலும் என் கை தவறவில்லை.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். புத்தகத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தேன், நீங்கள் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“எழுதறத ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? ஒன்பதாம் பக்கத்த எடுங்க, மொதல்ல அந்தக் ‘கவனக்குறைவு’ங்கறத அடிங்க.”